விரல் கணுக்களில் விரிசல் – சிற்பம் செய்கிறவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. நான் விகாரமான, கனவில் வருகிற மாதிரியான உருவங்களைக் கையால் செய்கிறேன். இப்போது ஒரு கிழவியின் முகம். கண்குழிகளிலிருந்து குட்டிக் கைகள் முளைத்து வரும். எச். ஆர். கீகர் என்ற சுவிஸ் ஓவியர்தான் என்னை இந்தப் பக்கம் இழுத்தவர். சுவிட்சர்லாந்தில் குரூயேர் ஊரிலுள்ள அவர் அருங்காட்சியகத்தை நேரில் பார்க்க அவ்வளவு ஆசை.

சிக்கல் அந்தக் கைகளில்தான். காற்றில் உலரும் களிமண் காயும்போது சுருங்குகிறது, உள்ளே இருக்கும் கம்பி சுருங்காது. அதனால் கணுவுக்குக் கணு மயிரிழை விரிசல். பாலிமர் களிமண்ணுக்கு (பிளாஸ்டிக் வகைக் களிமண்) மாறலாம் என்றால், அதை 130 டிகிரி வாக்கில் சுட வேண்டும். சமைக்கிற ஓவன் அடுப்பில் அதை வைக்க மனமில்லை.

எபாக்ஸி புட்டியில் (இரண்டு பகுதிகளைச் சேர்த்துப் பிசைந்தால் தானே இறுகும் பசை) விரல் செய்தவர்கள் இருக்கிறீர்களா? இறுகுவதற்குள் நகக்கண், தோல் சுருக்கமெல்லாம் கீற நேரம் கிடைக்குமா? கம்பியில் நூல் சுற்றினால் பிடிப்பு வருமா? செய்து பார்த்தவர்கள் படத்தோடு சொன்னால் பெரிய உதவி.