புதுப்பிப்பு: எலும்பில் பொருத்தும் செயற்கைக்கால், விழுந்தால் என்ன ஆகும்?

தொடை எலும்புக்குள் டைட்டானியம் திருகு வைத்து, அதில் செயற்கைக்காலை மாட்டும் முறை பற்றி முன்பு எழுதியிருந்தேன். 1990-இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் தொடங்கியது. உடல் எடை நேராக எலும்புக்குப் போவதை மட்டும் சொல்லி, முறுக்கு விசையை விட்டுவிட்டேன். அது பெரிய குறை.

தடுக்கி விழும்போது பாதம் மாட்டிக்கொண்டு உடல் திரும்பினால், அந்த முறுக்கு முழுவதும் எலும்புக்கே போகும். சாக்கெட் (மீதிக் காலை நுழைத்துக்கொள்ளும் கிண்ணம் போன்ற உறை) போட்டவருக்குச் சதை கொஞ்சம் நழுவிக் கொடுக்கும். இங்கே அந்த மெத்தை இல்லை. அதனால்தான் திருகுக்கும் செயற்கைக்காலுக்கும் நடுவில் ஒரு பாதுகாப்பு இணைப்பு வைக்கிறார்கள். முறுக்கு அளவு மீறினால் அது விடுபட்டுச் சுழலும்.

அப்புறம், இந்தக் காலோடு உட்காருவது எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தீர்கள். இடுப்போரம் அழுத்தும் சாக்கெட் விளிம்பு இல்லாததால், தாழ்வான இருக்கையிலும் இடுப்பு நன்றாக மடங்கும். ஓட்டமும் குதிப்பும் பொதுவாக வேண்டாம் என்கிறார்கள்.