ராஜஸ்தானில் எனக்குத் தண்ணீர்க் கதை சொன்னவர்கள்

கோட்டை, ஒட்டகம், மணல்மேட்டில் சூரிய அஸ்தமனம் எல்லாம் நானும் பார்த்தேன், படமும் எடுத்தேன். அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அங்கே என்னோடு நின்று பேசியவர்களில் ஒருவர்கூடப் போர்க்கதையைத் தானாக எடுக்கவில்லை. எங்கே ஆரம்பித்தாலும் பேச்சு தண்ணீரில்தான் போய் நின்றது. அந்த மனிதர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

ஜோத்பூர் மெஹ்ரான்கட் கோட்டையில் லிஃப்ட் உண்டு. முழங்கால் ஒத்துழைத்தால் நடந்தே ஏறுங்கள். பீரங்கிக் குண்டு பதிந்த சுவரும், உடன்கட்டை ஏறிய ராணிகளின் கைத்தடங்களும் அந்த வழியில்தான் இருக்கின்றன. மேலே ஒரு காவலாளி பேச்சுக் கொடுத்தார். 1459-ல் அரசர் ராவ் ஜோதா இங்கே கோட்டை கட்ட வந்தபோது, பாறையில் குடியிருந்த சீரியாநாத் என்ற சாமியாரைக் கிளப்பிவிட்டாராம். அவர் போகிற போக்கில், "உன் கோட்டைக்குத் தண்ணீர்ப் பஞ்சம் தீராது" என்று சாபமிட்டாராம். அதற்குப் பரிகாரமாக ராஜாராம் மேக்வால் என்பவரை உயிரோடு அஸ்திவாரத்தில் வைத்துக் கட்டினார்கள் என்கிறார்கள். அவர் பெயர் சொல்லும் கல் ஒன்று கோட்டையில் இருக்கிறது. முக்கால்வாசிப் பேர் பார்க்காமலே தாண்டிப் போகிறார்கள். சாபம் வாங்கியது அரசர், மண்ணுக்குள் போனது மேக்வால்! "அதற்கப்புறமும் பஞ்சம் வந்ததே சாப், ராணி வெட்டின குளம்தான் காப்பாற்றியது" என்று கீழே ராணிசர் குளத்தைக் காட்டினார் காவலாளி.

உமைத் பவன் அரண்மனைக்கு அழைத்துப் போன ஆட்டோக்காரர் இன்னும் ஒரு படி மேல். பஞ்சத்தில் மக்களுக்கு வேலை கொடுக்க 1929-ல் தொடங்கிய கட்டடம் அது. 347 அறைகள். "அந்தக் காசுக்கு எத்தனை ஏரி வெட்டியிருக்கலாம்!" என்றார்.

பிகானேர் ஜுனாகட் கோட்டையில் பாதல் மஹாலை, அதாவது மேக மாளிகையை, மட்டும் தவறவிடாதீர்கள். சுவரெல்லாம் நீல மேகம், மின்னல், மழைக்கோடு. மழைக்கு ஏங்கிய ஊர் அதைச் சுவரில் வரைந்து வைத்திருக்கிறது.

ஜெய்சல்மேர் கோட்டை 1156-ல் எழும்பியது. இன்றும் அதற்குள் குடும்பங்கள் வாழ்கின்றன. வாசலில் ஸ்கூட்டர், சந்தில் மாடு, மாடியில் துவைத்த துணி. ஜைனக் கோயில்களுக்கு அருகே ஒட்டுத்துணி விரிப்பு விற்ற ஒரு அம்மா, "எங்கே தங்கியிருக்கிறாய் பேட்டா?" என்று கேட்டார். கோட்டைக்கு வெளியே என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய மாமியார் காலத்தில் கடிசர் ஏரியிலிருந்து குடம் குடமாகத் தலையில் சுமந்து மேட்டில் ஏற வேண்டும். குளித்த தண்ணீரில் துணி அலசி, மிச்சத்தால் வாசல் கழுவுவார்களாம். பிறகு குழாய் வந்தது, உள்ளேயே ஓட்டல்கள் வந்தன. கசிந்த தண்ணீர் குன்றின் களிமண்ணை ஊற வைத்ததில் சுவர்கள் இடிந்து விழுந்திருக்கின்றன. "மாமியாருக்குத் தண்ணீர் இல்லாத கஷ்டம், எனக்குத் தண்ணீரால் கஷ்டம்" என்று சிரித்தார். உள்ளே அறை எடுத்து, ஷவரைத் திறந்துவிட்டுப் பாட்டுப் பாட நினைப்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

கடிசர் ஏரிக்கரைத் தோரணவாயிலைத் திலோன் என்ற தாசி கட்டினாள் என்று டீக்கடைக்காரர் சொன்னார். அவள் கட்டிய வாசலில் ராணிகள் எப்படி நுழைவார்கள் என்று எதிர்ப்பு வந்ததாம். உடனே வாசலின் மேலேயே ஒரு கிருஷ்ணர் சந்நிதியை வைத்துவிட்டாள், இனி யார் இடிக்க முடியும்? அந்தப் பெண்ணின் சாமர்த்தியத்தை எண்ணி நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஜெய்சல்மேரைத் தாண்டி 'சம்' என்ற ஊரின் மணல்மேடுகளில் ஜீப் இரைச்சலும் ஒலிபெருக்கிப் பாட்டும். அதற்குப் போகும் வழியில் குல்தரா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலிவால் பிராமணர்கள் விட்டுப் போன ஊர், கைடுகளெல்லாம் பேய்க்கதை சொல்கிறார்கள். வெளியே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் பேயைப் பொருட்படுத்தவே இல்லை. அவர் மார்வாடியில் பேசியதை ஜீப் டிரைவர் இந்தியில் சொல்ல, என் அரைகுறை இந்தியில் நான் பிடித்துக்கொண்டது இதுதான்: பாலிவால்களின் உண்மையான சொத்து 'கடீன்'. சரிவின் கீழ்ப்பக்கம் நீளமாக ஒரு மண்கரை. மழை பெய்தால் சுற்றுப்புறத் தண்ணீரெல்லாம் அங்கே வந்து தேங்கி மண்ணுக்குள் இறங்கும். வடிந்ததும் அந்த ஈரத்திலேயே கோதுமை, கொண்டைக்கடலை விதைப்பார்கள். பக்கத்தில் அறுவடை முடிந்த கடீன் ஒன்றில்தான் அவர் ஆடுகள் கோதுமைத் தாளை மேய்ந்துகொண்டிருந்தன. பாலைவனத்தில் கோதுமை! நான் பார்த்த அரண்மனைகள் எதுவும் அந்த மண்கரை அளவுக்கு என்னை அசத்தவில்லை.

நான் போனது மார்ச் கடைசி. வெயில் ஏறிவிட்டதால் பலோதி பக்கம் கீச்சன் கிராமத்துக்குப் போகவில்லை. குளிர்காலத்தில் குர்ஜா கொக்குகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும், ஊர்க்காரர்களே தானியம் போடுவார்கள் என்கிறார்கள். டிசம்பர், ஜனவரியில் போய்ப் பார்த்தவர்கள் இருந்தால் எங்கே தங்கினீர்கள், காலையில் எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று எழுதுங்கள்.