எல்லாரும் எப்படி இருக்கீங்க? நான் பைனாகுலரும் கையுமா அலையுறேன், ஒரு சந்தேகம்

மாடிவாசி:

பேசி ரொம்ப நாளாச்சு. வேலை மாறினது, வீடு மாறினது, நடுவுல முதுகு பிடிச்சுக்கிட்டது எல்லாம் வழக்கமான கதை, விட்டுடலாம். புதுசா சொல்ல ஒண்ணே ஒண்ணு இருக்கு. வானம் பார்க்க ஆரம்பிச்சிருக்கேன். ஜோசியம் இல்ல சாமி, நிஜ வானம்.

பறவை பார்க்கலாம்னு ஒரு 10×50 பைனாகுலர் (10 மடங்கு பெரிசாக் காட்டும், முன் லென்ஸ் 50 மில்லிமீட்டர்) வாங்கி வச்சிருந்தேன். நான் வேலை முடிச்சு வீடு வந்து சேர்ற நேரத்துக்கு எந்தப் பறவையும் முழிச்சிருக்கிறதில்ல. சரி, முழிச்சிருக்கிறதைப் பார்ப்போம்னு ஒரு நாள் மாடிக்குப் போய் மேல திருப்பினேன். இந்த 2026 ஆரம்பத்துல மிதுன ராசியில காஸ்டர், போலக்ஸ்ங்கிற ரெண்டு நட்சத்திரத்துக்கும் பக்கத்துல கண் கூசுற மாதிரி ஒண்ணு நிக்குதே, வியாழன். முழங்கையை மதில் மேல ஊன்றிக்கிட்டு மூச்சை அடக்கிப் பார்த்தா, அதுக்குப் பக்கத்துல ஒரே கோட்டுல மூணு சின்னப் புள்ளி. மறுநாள் பார்த்தா ஒண்ணு இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போயிருக்கு. கலிலியோ 1610 ஜனவரியில பார்த்த அதே நிலாக்கள். பள்ளிக்கூடத்துல மார்க்குக்காக மனப்பாடம் பண்ணின விஷயம், கண்ணு முன்னாடி இடம் மாறி உக்காந்திருந்தா எப்படி இருக்கும்! அன்னைக்குத் தூக்கம் போச்சு.

இதுல எதிர்பாராத லாபம் என்னன்னா, காலேஜ் கூட்டாளிங்க திரும்ப ஒண்ணு சேர்ந்துட்டாங்க. எங்க வாட்ஸ்அப் குழு பிறந்தநாளுக்குப் பூங்கொத்துப் படம் போடுறதோட முடங்கிக் கிடந்துச்சு. நான் வியாழனைப் பத்தி நாலு வரி எழுதினேன், "எங்களையும் கூட்டிட்டுப் போடா"ன்னு ஆரம்பிச்சாங்க. இப்போ அமாவாசையை ஒட்டி வர்ற சனிக்கிழமையில ஊர் வெளிச்சம் எட்டாத ஒரு ஏரிக்கரைக்குக் கார்ல கிளம்பிடுறோம். ஷேர் மார்க்கெட்டைத் தவிர வேற எதுவும் பேசத் தெரியாத ஒருத்தன் எங்க கூட்டத்துல உண்டு. ஓரியன் பெல்ட்டுக்கு, அதாவது ஓரியன் கூட்டத்துல வரிசையா நிக்கிற மூணு நட்சத்திரத்துக்குக் கீழ இருக்கிற நெபுலாவை (வாயுவும் தூசியும் சேர்ந்த கூட்டம்) பார்த்துட்டு, "இது மேகமாடா, இல்ல என் கண்ணாடியில அழுக்கா?"ன்னு கண்ணாடியைச் சட்டையில துடைச்சுத் துடைச்சு திரும்பப் பார்த்தான். அந்த வெளிச்சம் கிளம்பி ஏறக்குறைய 1,350 வருஷம் ஆச்சுடான்னு சொன்னதும், கொஞ்ச நேரம் அவன் வாயே திறக்கல. எங்க கூட்டத்துல அது சாதனை.

சிக்கல் இதுதான். பைனாகுலர் ஒண்ணு, ஆள் அஞ்சு. அடுத்தவன் கைக்குப் போனதும் இப்படி நடக்கும்:

"எங்கடா?"
"அந்த மரத்துக்கு நேர் மேல."
"எந்த மரம்?"
"உயரமா ஒண்ணு இருக்கே."
"எல்லாமே உயரமாத்தானேடா இருக்கு."

கடைசி ஆளுக்கு முறை வர்றதுக்குள்ள மத்தவங்க போனை நோண்ட ஆரம்பிச்சுடுறாங்க. ஒரு திரை வெளிச்சம் மூஞ்சியில பட்டாலே இருட்டுக்குப் பழகின கண்ணு போச்சு. இப்போ ஆளுக்குக் கொஞ்சம் போட்டு டெலஸ்கோப் வாங்கலாம்னு பேச்சு ஓடுது. ஒருத்தன் விளம்பரம் ஒண்ணு அனுப்பியிருக்கான், 525 மடங்கு பெரிசாக் காட்டுமாம். வாங்கலாமா? இல்ல இன்னொரு பைனாகுலரே போதுமா? அதைவிட முக்கியமா, நான் வாத்தியார் மாதிரி ஆகாம இவங்களை இதுல பிடிச்சு வைக்க என்ன வழி? கொஞ்சம் சொல்லுங்க.

ஓரக்கண்:

முதல்ல அந்த 525-ஐ மறந்துடுங்க. டெலஸ்கோப்பு தாங்குற பெரிதாக்கத்துக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: லென்ஸோட விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ, அதுல ரெண்டு மடங்கு. 70 மில்லிமீட்டர் குழாய்னா 140 மடங்குதான் உச்சம், அதுவும் காற்று அசையாத நல்ல ராத்திரியில. அதுக்கு மேல போனா பெரிசாத் தெரியும், ஆனா கலங்கலாத் தெரியும். டப்பா மேல மடங்கைக் கொட்டை எழுத்துல போட்டு விக்கிற எதையும் நான் வாங்க மாட்டேன்.

இப்போ உங்க "எந்த மரம்" பிரச்சினை. மரத்தைக் காட்டாதீங்க, முஷ்டியைக் காட்டுங்க. கையை முழுசா நீட்டி முஷ்டியை மடக்கினா, அதோட அகலம் வானத்துல ஏறக்குறைய 10 டிகிரி. சுண்டுவிரல் அகலம் 1 டிகிரி. பெரிய கை இருக்கிறவனுக்குக் கை நீளமும் அதிகம்ங்கிறதால, யாரு அளந்தாலும் கணக்கு ஏறக்குறைய ஒண்ணாத்தான் வரும். உங்க 10×50-ல ஒரே நேரத்துல தெரியுற வட்டம் பெரும்பாலும் 6, 7 டிகிரி, அதாவது ஒரு முஷ்டியை விடக் குறைச்சல். ராத்திரி வானத்துலயே பிரகாசமான நட்சத்திரமான சிரியஸை வச்சு, "சிரியஸ்ல இருந்து ரெண்டு முஷ்டி"ன்னு சொன்னா யாரும் வழி தவற மாட்டாங்க.

இன்னொரு வழி, ஓரியன் பெல்ட்டு மூணையும் கோடாப் பாவிச்சு ஒரு பக்கம் நீட்டினா சிரியஸ். மறுபக்கம் நீட்டினா ரோகிணி, இன்னும் கொஞ்சம் போனா கார்த்திகைக் கூட்டம். வெறும் கண்ணுக்கு ஆறு, ஏழு தெரியுற இடத்துல பைனாகுலர்ல டஜன் கணக்குல கொட்டும். கண்டுபிடிக்கிறதை அவங்ககிட்டயே விட்டுட்டு நீங்க சும்மா நில்லுங்க. தானா தேடிப் பிடிச்சவன் போனை எடுக்க மாட்டான்.

கை நடுக்கத்துக்கு ட்ரைபாட், அதான் மூணு கால் ஸ்டாண்ட். பைனாகுலரோட நடுக் கீல்ல முன்பக்கம் ஒரு சின்ன மூடி இருக்கான்னு பாருங்க, அதைத் திருகி எடுத்தா உள்ள திருகு மரை இருக்கும். அடாப்டர் வாங்கி மாட்டிட்டா, நீங்க ஒரு தடவை குறி வச்சு விட்டுட்டு நகர்ந்தாப் போதும். அடுத்தடுத்து வர்றவங்க குனிஞ்சு பார்த்துட்டுப் போகலாம். வானம் நகர்ந்துக்கிட்டே இருக்கும், அப்பப்போ லேசாத் திருப்பிக்கணும், அவ்வளவுதான்.

மங்கலா இருக்கிறதை நேராப் பார்க்காதீங்க, கொஞ்சம் தள்ளிப் பாருங்க. என் பேரைப் பார்த்தாலே புரியும். மங்கல் வெளிச்சத்தை உணர்ற செல்கள் கண்ணோட நட்ட நடுவுல கிடையாது, சுத்திலும்தான் இருக்கு. நெபுலாவை நேரா முறைச்சா பாதி காணாமப் போயிடும்.

நூல்கண்டு:

தம்பி, நல்லா இருக்கீங்களா? நான் நல்லா இருக்கேன். முட்டி வலி அப்படியே இருக்கு, க்ரோஷா போடுறது மட்டும் நிக்கல. பேத்திக்குப் போட ஆரம்பிச்ச ஸ்வெட்டர் அவ வளர்ற வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாம இப்போ பொம்மைக்குப் போயிடுச்சு.

நீங்க ஏன் அமாவாசையையே கட்டிக்கிட்டு அழுறீங்க? புதுசா வர்றவங்களுக்கு நிலாவைக் காட்டுங்க. தேட வேண்டியதே இல்ல, "எங்கடா"ன்னு யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா பௌர்ணமி நிலா வேண்டாம். அன்னைக்கு வெயில் நேராப் படுறதால நிழலே இருக்காது, மூஞ்சி தட்டையாத் தெரியும். வளர்பிறை ஏழு, எட்டுல பாருங்க, பாதி நிலாவுல வெளிச்சமும் இருட்டும் சேர்ற ஓரத்தை மட்டும். பள்ளம் ஒவ்வொண்ணும் நிழலோட குழிஞ்சு நிக்கும். ரெண்டு நாள் கழிச்சுப் பார்த்தா கோப்பர்நிகஸ் பள்ளம் அந்த ஓரத்துக்கு வந்திருக்கும். அது 90 கிலோமீட்டருக்கு மேல அகலம், உங்க பைனாகுலருக்கே தெரியும்.

நானும் என் பழைய பள்ளிக்கூடத் தோழியும் ஆளுக்கொரு ஊர்ல இருந்துக்கிட்டுப் போன்ல பேசிக்கிட்டே பார்ப்போம். பாதி நாள் "இங்க மேகம்டி", "அப்போ நாளைக்குப் பாருடி", அதுக்கப்புறம் மருமக புராணம். நிலாவுக்கு அஞ்சு நிமிஷம்தான் மிஞ்சும். அதுக்காக நான் வருத்தப்படல.

மரப்பெட்டி:

ட்ரைபாட் யோசனை சரிதான், ஆனா அஞ்சு பேர் சேர்ந்து காசு போடத் தயாரா இருக்கும்போது டெலஸ்கோப்பே வேண்டாம்னு சொல்றது எனக்கு ஒப்பல. 6 அங்குல டாப்சோனியன் வாங்குங்க. மரப்பெட்டி மேல உக்கார்ற கண்ணாடித் தொலைநோக்கி. மோட்டார் கிடையாது, கையால தள்ளித் திருப்புறதுதான்.

இந்த வடிவத்துக்குப் பேர் கொடுத்த ஜான் டாப்சன் ஒரு விசித்திரமான மனுஷன். அமெரிக்காவுல வேதாந்த மடத்துல துறவியா இருந்துக்கிட்டு, கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்ச்சுத் தேய்ச்சு டெலஸ்கோப் பண்ணினார். 1967-ல மடத்தை விட்டு வெளியேத்திட்டாங்க. அதுக்கப்புறம் நடைபாதையில டெலஸ்கோப்பை நிறுத்தி, போற வர்றவங்களை எல்லாம் கூப்பிட்டு வானத்தைக் காட்டிக்கிட்டே இருந்தார், 2014-ல சாகுற வரைக்கும் அதே பேச்சு. தெரியாத ஆளுக்கே காட்டினவரோட டிசைன், உங்க கூட்டாளிங்களுக்கு ஆகாதா?

குறை ஒண்ணு சொல்லிடுறேன். குழாய் ஏறக்குறைய 1.2 மீட்டர் நீளம் இருக்கும். கார்ல அதை ஏத்தினா பின் சீட்டுல ஒருத்தனை இறக்கி விட வேண்டியிருக்கும். யாரைன்னு இப்பவே முடிவு பண்ணிக்குங்க.

சனியைப் பார்க்கத்தான் வாங்குறீங்கன்னா அவசரப்படாதீங்க. இந்த 2026 மார்ச்ல அது சூரியனுக்குப் பின்னாடி போயிடுது, அக்டோபர்லதான் ராத்திரி முழுக்கத் தெரியும். 2025 மார்ச்ல வளையம் நமக்கு விளிம்பைக் காட்டி நின்னதால கோடு மாதிரி ஆயிடுச்சு, இப்போதான் மெல்ல விரியுது. பொறுத்து வாங்கினா நஷ்டமில்ல.

சும்மாவந்தேன்:

எல்லாரும் பொருளையே பேசுறீங்க. யோவ் மாடிவாசி, உன் பிரச்சினை லென்ஸ் இல்ல, வரிசை. ஒருத்தன் பார்க்கும்போது நாலு பேர் சும்மா நிக்கிறதுதான் சிக்கல். ஆறு அங்குலம் வாங்கினாலும் கண்ணை வைக்கிற ஓட்டை ஒண்ணுதான்யா.

அஞ்சு பேரும் ஒரே நேரத்துல பார்க்கக்கூடியதை நடுநடுவுல வை. சர்வதேச விண்வெளி நிலையம் சாயந்தரம் இருட்டினதும் சில நாள் தலைக்கு மேல போகும், எப்போ எந்தப் பக்கம்னு நாசா தளத்துல போட்டிருப்பாங்க. ஒரு சத்தம் இல்லாம ஓடி, பூமியோட நிழலுக்குள்ள நுழையும்போது பொசுக்குன்னு அணையும். எங்க பசங்க அதுக்குக் கை தட்டுவாங்க, யாருக்குத் தட்டுறோம்னு தெரியாமலே.

அப்புறம் பெர்சியிட் எரிகல் மழை. வருஷா வருஷம் ஆகஸ்ட் 12, 13-ல உச்சம். ஸ்விஃப்ட்-டட்டில் வால்நட்சத்திரம் விட்டுட்டுப் போன தூசி. இந்த 2026-ல ஆகஸ்ட் 12 அமாவாசை, அன்னைக்குத்தான் முழுச் சூரிய கிரகணமும் வருது. நிலா வெளிச்சத் தொல்லை சுத்தமா இல்ல. ஒரு கருவியும் வேண்டாம். தரையில விரிச்சு மல்லாந்து படு, நடுராத்திரி தாண்டி விடியுற வரைக்கும். பேசிக்கிட்டே பார்க்கலாம், எவனும் எவனுக்கும் எதையும் சொல்லித் தர வேண்டாம். ஒருத்தன் மட்டும் பார்த்து மத்தவன் கோட்டை விட்டான்னா அதுக்கு ஒரு சண்டை. அது போதும் ராத்திரி ஓட.

போனைப் பிடுங்காத. திரையைச் சிவப்பாக்குற வசதி நிறைய போன்ல இருக்கு, அதைப் போட்டுவிடு. இருட்டுக்குக் கண்ணு முழுசாப் பழக 20, 30 நிமிஷம் பிடிக்கும். சிவப்பு அதை அவ்வளவாக் கெடுக்காது.

மாடிவாசி:

எல்லாருக்கும் நன்றி. நூல்கண்டு அக்கா, உங்க பேச்சைக் கேட்டு வளர்பிறையில ஒரு நாள் எல்லாரையும் என் மாடிக்கே வரச் சொன்னேன். கார் தேவைப்படல. இதுவரைக்கும் சாக்கு சொல்லிக்கிட்டிருந்த ஒருத்தி கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டு வந்துட்டா. நிலாவை அவதான் எல்லாரையும் விட அதிக நேரம் பார்த்தா, குழந்தை பைனாகுலர் வாரைச் சப்பிக்கிட்டு இருந்துச்சு.

ஓரக்கண் சொன்ன முஷ்டி கணக்கு பிரமாதம். ஷேர் மார்க்கெட்காரன் இப்போ எதைப் பார்த்தாலும் கையை நீட்டி அளக்குறான். "வியாழன் அந்தத் தண்ணி டேங்க்ல இருந்து நாலரை முஷ்டி"ன்னு அவனே குழுவுல போடுறான், நான் வாயைத் திறக்கிறதே இல்ல.

முடிவு என்னன்னா, ட்ரைபாட்டும் அடாப்டரும் இப்பவே. என் பைனாகுலர்ல அந்த மூடி இருக்கு, பார்த்துட்டேன். டெலஸ்கோப் பேச்சு அக்டோபருக்கு. பின் சீட்டுல யாரை இறக்குறதுங்கிற விவாதம் ஆரம்பிச்சாச்சு, ஓட்டெடுப்பு வரைக்கும் போயிடுச்சு, மரப்பெட்டி இதுக்குப் பதில் சொல்லணும்.

நடுவுல ஜூன் 9-ஐ ஒட்டி சாயந்தரம் மேற்கே வெள்ளியும் வியாழனும் 2 டிகிரிக்கும் குறைவா நெருங்கி நிக்கும், ரெண்டும் ஒரே பைனாகுலர் வட்டத்துக்குள்ள வரும். வெறும் கண்ணுக்கே எல்லாருக்கும் ஒண்ணாத் தெரியும், சும்மாவந்தேன் கணக்குக்கும் சரி. அன்னைக்கு மேகம் வந்துட்டா என்ன பண்றதுன்னு ஒருத்தன் இப்பவே கேட்டுட்டான். சீட்டுக்கட்டு கொண்டு வர்ற பொறுப்பை அவன்கிட்டயே கொடுத்தாச்சு.