எல்ஜிஏ 1700 மதர்போர்டில் பழைய வாட்டர் பிளாக் அசைகிறது; எப்படி இறுக்குவது?

கேள்வி

வணக்கம். ஐ5-10400 ப்ராசசரில் மூன்று ஆண்டுகளாகக் குறையில்லாமல் ஓடிய 240 மி.மீ. வாட்டர் கூலரை (நீரால் குளிர்விக்கும் கருவி), போன வாரம் வாங்கிய ஐ5-12600கே ப்ராசசருக்கு மாற்றினேன். பழைய பேக்பிளேட் (போர்டுக்குப் பின்னால் தாங்கும் தகடு) புதிய போர்டின் துளைகளுக்குப் பொருந்தாததால், அதன் காதுகளைச் சற்று வளைத்து நான்கு ஸ்டாண்ட்ஆஃப்களையும் (திருகு ஏறும் சிறு தூண்கள்) எப்படியோ நுழைத்துவிட்டேன். திருகுகளை முடிந்தமட்டும் முறுக்கியும், பிளாக்கை (கூலரில் ப்ராசசர் மேல் உட்காரும் பகுதி) இரு விரல்களால் பிடித்துத் திருப்பினால் இலேசாக அசைகிறது. சும்மா இருக்கும்போது 45 டிகிரி காட்டுகிறது. ரெண்டர் போன்ற கனமான வேலை ஓட்டினால் கண் மூடித் திறப்பதற்குள் 100 டிகிரியைத் தொட்டு வேகம் குறைந்துவிடுகிறது. ஸ்டாண்ட்ஆஃபுக்கு அடியில் வாஷர் கொடுக்கலாமா, அல்லது தெர்மல் பேஸ்ட்டை (வெப்பம் கடத்தும் பசை) கூடுதலாக வைக்க வேண்டுமா?

மறுமொழி 1

இரண்டும் வேண்டாம். முதலில் கணினியை அணைத்துவையுங்கள்.

கண் மூடித் திறப்பதற்குள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. ரேடியேட்டரிலோ (நீரைக் குளிர்விக்கும் பகுதி) மின்விசிறியிலோ கோளாறு என்றால், உள்ளே இருக்கும் நீர் சூடேறிய பிறகுதான் ப்ராசசரும் சூடேறும். அதற்கு நிமிடக் கணக்கில் ஆகும். பம்ப் ஓடுகிறது என்றால், நொடியில் 100-ஐத் தொடுவதற்குக் காரணம் பிளாக்கின் செம்புத் தகடு ப்ராசசர் மேல் சரியாக உட்காராததுதான். உங்கள் பழைய ப்ராசசரின் சாக்கெட்டான (ப்ராசசர் பொருந்தும் இடம்) எல்ஜிஏ 1200-இல் துளைகளுக்கு இடையே 75 மி.மீ. இடைவெளி, 1700-இல் 78 மி.மீ. அதை நீங்கள் வளைத்துச் சமாளித்துவிட்டீர்கள். கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு உயரத்தில் இருக்கிறது. புதிய சாக்கெட்டில் ப்ராசசரின் மேற்பரப்பு கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்திருப்பதால், பழைய ஸ்டாண்ட்ஆஃபில் திருகு மரை முடிந்து நின்றுவிடும்போதும் ஸ்பிரிங் போதிய அளவு அமுங்கியிருக்காது. மேற்பக்கம் வாஷர் கொடுத்தால் பிளாக் இன்னும் உயரும். பேஸ்ட் என்பது நுண்ணிய பள்ளங்களை நிரப்பத்தானே தவிர, இடைவெளியை அடைக்க அன்று.

கூலர் நிறுவனத்திடம் 1700-க்கான மவுண்டிங் கிட் கேளுங்கள். வளைத்த பேக்பிளேட்டை மறுபடி பயன்படுத்த வேண்டாம். அதன் உலோக விளிம்பு போர்டின் பின்பக்க ஈயப் பற்றுகளில் உரசினால் ஷார்ட் ஆகிவிடும்.

மறுமொழி 2

கிட் வந்ததும் போர்டைப் படுக்கவைத்து வேலை செய்யுங்கள். ரேடியேட்டரை முதலில் கேபினெட்டில் பொருத்தி, குழாய்கள் தாமாக எந்தப் பக்கம் வளைகின்றனவோ அதற்கேற்பப் பிளாக்கின் திசையை முடிவுசெய்ய வேண்டும்; முறுக்கிக்கொண்ட ரப்பர் குழாய் பிளாக்கை ஒரு மூலையில் தூக்கிக்கொண்டே இருக்கும். பிளாக்கை வைப்பதற்கு முன் பேக்பிளேட் கொஞ்சம் ஆடினால் பயப்பட வேண்டாம், பல மாடல்களில் அது இயல்புதான். நான்கு திருகுகளையும் கையால் பிடிக்கவைத்த பின், எதிரெதிர் மூலைகளாக ஒவ்வொன்றுக்கும் இரண்டு சுற்று மட்டும் கொடுத்துக்கொண்டே வாருங்கள். மரை முடிந்து நின்றதும் அதோடு நிறுத்திவிட வேண்டும்.

நான் முதன்முதலில் பொருத்தியபோது ஒரு மூலையை முழுவதும் இறுக்கிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டேன். பேஸ்ட் எல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கி, கழற்றிப் பார்த்தபோது மறுபக்கம் செம்பு பளபளவென்று இருந்தது.

மறுமொழி 3

ஏஎம்டி ப்ராசசர் வைத்திருப்பவர்களுக்காக ஒரு குறிப்பு. ஏஎம்4, ஏஎம்5 சாக்கெட்டுகள் இரண்டிலும் துளை அளவு ஒன்றே (54 × 90 மி.மீ.). ஆனால் ஏஎம்5-இல் பேக்பிளேட் சாக்கெட்டோடு சேர்ந்தது; கழற்ற முயலாதீர்கள். சொந்த பேக்பிளேட்டோடு வரும் பழைய கூலர்கள் அதனால்தான் அதில் ஏறுவதில்லை. ஏஎம்4-இலிருந்து பிளாக்கை எடுக்கும்போது, கணினியைச் சிறிது நேரம் ஓட்டிப் பேஸ்ட்டை இளகவிட்டு, அணைத்தபின் இடவலமாகத் திருகி எடுங்கள். நேராக இழுத்தால் ப்ராசசரும் பிளாக்கோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும்; ப்ராசசரின் அடியிலுள்ள ஊசி போன்ற பின்கள் வளைந்தால் நிமிர்த்துவது பெரும்பாடு.

கேள்வி எழுதியவர்

மிக்க நன்றி. கிட் நேற்று வந்தது. பழைய பொருத்தத்தைக் கழற்றியபோது, பேஸ்ட் ஓர் ஓரத்தில் மட்டும் நகக்கண் அளவுக்கு நசுங்கியிருந்தது; மற்ற இடத்தில் நான் வைத்த பொட்டு வைத்தபடியே இருந்தது. புதிய ஸ்டாண்ட்ஆஃப்கள் குட்டையாக இருப்பது பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரிகிறது. அதே ரெண்டரில் இப்போது 78 டிகிரிக்கு மேல் போகவில்லை, பிளாக்கும் அசையவில்லை.