ஸ்பானிய மொழி பேசும் மாணவிக்கு ‘ஹிஸ்’, ‘ஹெர்’ எப்படிப் புரியவைப்பது?

மதுரை ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். மெக்சிகோ நகரத்து மாணவி ஒருவருக்குக் காலை 6.30 மணிக்கு இணையவழியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். அங்கே அது முந்தைய நாள் மாலை 7 மணி. மற்ற இலக்கணத்தை விரைவாகப் பிடித்துக்கொள்ளும் அவர், உடைமைச் சொற்களில் மட்டும் தடுமாறுகிறார். தம் தங்கையையும் தங்கையின் மகனையும் பற்றி எழுதும்போது ‘மை சிஸ்டர் அண்ட் யுவர் சன்’ என்கிறார். திருத்தினால் ‘ஹிஸ் சன்’ என்று மாற்றுகிறார். ‘த மைன் இஸ் ஸ்மால்’ என்றும் எழுதுகிறார். ஆணுக்கு ‘ஹிஸ்’, பெண்ணுக்கு ‘ஹெர்’ என்று பலமுறை சொல்லியும் பயனில்லை. வேறு வழி உண்டா?

திருமங்கலத்துக்காரர்:
வணக்கம் அம்மா. தாங்கள் சொல்லும் விதியே அவரைக் குழப்புகிறது என்று நினைக்கிறேன். ஸ்பானியத்தில் ‘சு’ என்ற ஒரே சொல் அவனுடைய, அவளுடைய, அதனுடைய, அவர்களுடைய என்பவற்றுக்கும், மரியாதையாகச் சொல்லும் ‘உங்களுடைய’ என்பதற்கும் பொதுவாக நிற்பதால்தான் ‘யுவர்’ வந்து விழுகிறது. மேலும், அம்மொழியில் உடைமைச் சொல் பால் காட்டுமானால், உடையவரின் பாலை அன்று, உடைமையின் பாலையே காட்டும். ‘எங்கள் புத்தகம்’ என்பது ‘நுவெஸ்த்ரோ லிப்ரோ’. ‘எங்கள் வீடு’ என்பது ‘நுவெஸ்த்ரா காசா’. ஆகவே ‘ஆணுக்கு ஹிஸ்’ என்று கேட்டதும் அவர் மகனைப் பார்க்கிறார், தாயைப் பார்ப்பதில்லை.

‘சு’ வரும் இடத்திலெல்லாம் அதை அவர் மொழியிலேயே விரித்துச் சொல்லச் செய்யுங்கள். ‘தே எல்’ என்று விரிந்தால் ‘ஹிஸ்’, ‘தே எயா’ என்றால் ‘ஹெர்’, ‘தே உஸ்தேத்’ என்றால் ‘யுவர்’.

மேலூர் வாசகி:
இந்தத் தடுமாற்றம் நமக்கும் புதிதன்று. நம் ஊர்ப் பேச்சில் ‘அவங்க வீடு’ என்றால் ஓர் அம்மாவுடையதா, பலருடையதா என்பதை இடம் பார்த்துத்தான் அறிகிறோம். ‘மே துவேலே லா கபேசா’ என்று அவர் சொல்வது நம்முடைய ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்பதேதான். இரண்டிலும் ‘என் தலை’ இல்லை, ஆங்கிலம் மட்டுமே ‘மை ஹெட்’ என்று கேட்கிறது. ‘ஐ வாஷ் த ஹேண்ட்ஸ்’ என்று அவர் எழுதினால் காரணம் இதுதான்.

‘த மைன்’ என்பது, ‘என்னுடையது’ எனப் பொருள்படும் ஸ்பானிய ‘எல் மீயோ’ என்பதன் நிழல்; இங்கே ‘எல்’ என்பது ஆங்கில ‘த’ போன்றது. மீயோ, மீயா, மீயோஸ், மீயாஸ் ஆகிய நான்கிற்கும் ஆங்கிலத்தில் ‘மைன்’ ஒன்றே போதும், அதன் முன்னே ‘த’ வராது என்று சொன்னால் மகிழ்ச்சியோடு ஏற்பார்.

மதுரை ஆசிரியை:
மிக்க நன்றி. இன்று விரித்துச் சொல்லச் செய்தேன். ‘ஹெர் சன்’ சரியாக வந்தது. ஆனால் மீனாட்சியம்மன் கோயில் படத்தைக் காட்டியபோது ‘ஹிஸ் 14 டவர்ஸ்’ என்று எழுதினார்.

திருமங்கலத்துக்காரர்:
கோயிலைக் குறிக்கும் ‘தெம்ப்லோ’ ஸ்பானியத்தில் ஆண்பால் அம்மா, அதனால்தான். விரிப்பதற்கு முன் உடையவர் உயர்திணையா அஃறிணையா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். அஃறிணை ஒன்றாக இருந்தால் ‘இட்ஸ்’ என்று எழுதிவிடலாம்.