"கட்டற்ற மென்பொருள்" என்ற பெயரை விட்டுவிடலாமா?

வைகைக்கரை:
எங்கள் ஊர் நூலகத்தில், கடிதம், கணக்கு போன்ற அலுவலக வேலைக்கான லிப்ரேஆபிஸ் மென்பொருளில் பயிற்சி நடத்தினேன். "கட்டற்ற மென்பொருள் பயிற்சி" என்று அறிவிப்பு ஒட்டியிருந்தோம். வந்தவர்களில் ஒரு அம்மா, "கட்டணமற்ற என்பதில் எழுத்து விட்டுப்போச்சா?" என்று கேட்டார். இன்னொருவருக்குக் கட்டுப்பாடே இல்லாத மென்பொருளில் வைரஸ் வருமோ என்று பயம். முதல் அரை மணி நேரம் பெயரை விளக்குவதிலேயே போய்விட்டது. "ஓப்பன் சோர்ஸ்" என்றோ "திறமூலம்" என்றோ போட்டுவிட்டால் என்ன?

நிரல்தோட்டம்:
வேண்டாம் அக்கா. ஆங்கிலத்தில் இதன் பெயர் "ஃப்ரீ சாஃப்ட்வேர்". "ஃப்ரீ" என்றால் சுதந்திரமும் உண்டு, இலவசமும் உண்டு. இந்த இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனு திட்டத்தை 1983-இல் அறிவித்த நாளிலிருந்தே இந்தக் குழப்பம்தான். 1998 ஜனவரியில் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் இணைய உலாவியின் மூலநிரலை, அதாவது அதை எழுதிய நிரல் வரிகளை, எல்லோருக்கும் திறக்கப்போவதாகச் சொன்னது. அடுத்த மாதமே மென்பொருள்காரர்கள் சிலர் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் கூடிப் பேசியபோது, கிறிஸ்டின் பீட்டர்சன் முன்வைத்த "ஓப்பன் சோர்ஸ்" என்ற சொல்லை ஏற்றுக்கொண்டார்கள். அது அவர்கள் மொழியில் இருந்த ஓட்டைக்குப் போட்ட ஒட்டு. நமக்கு "இலவசம்" வேறு, "கட்டற்ற" வேறு. திறமூலம் என்றால் மூலநிரலைப் பார்க்கலாம் என்பது மட்டும்தான் காதில் விழும். மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற உரிமை எங்கே போயிற்று?

வைகைக்கரை:
தம்பி, நீங்கள் சொன்ன கதையே எனக்குத்தான் சாட்சி. "ஃப்ரீ" என்றதும் ஒதுங்கிய கம்பெனிகள் "ஓப்பன் சோர்ஸ்" என்றதும் உட்கார்ந்து பேசின. நம் ஊரிலும் பாருங்கள். 2006-இல் "இலவச" வண்ணத் தொலைக்காட்சி. 2011-இல் ஆட்சி மாறியதும் மிக்சி, கிரைண்டர், மடிக்கணினி எல்லாம் "விலையில்லா" ஆகிவிட்டன. கொடுப்பது ஒன்றுதான்; வாங்குகிறவர் மதிப்புக் குறையக்கூடாது என்றுதானே சொல்லை மாற்றினார்கள்? ஒரு சொல்லுக்கு அவ்வளவு கனம் உண்டு.

அச்சுக்கூடம்:
இருவருமே தப்பான இடத்தில் தோண்டுகிறீர்கள். சிவகாசியில் பதினைந்து வருடமாக டிடிபி, அதாவது கணினியில் அச்சுப் பக்கம் அமைக்கும் வேலை பார்க்கிறேன். பக்கம் அமைக்கும் கட்டற்ற மென்பொருளான ஸ்கிரைபஸை நான் தள்ளி வைத்ததற்குப் பெயர் காரணமில்லை. பழைய 1.4 பதிப்பில் யூனிகோடு தமிழை ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். வாடிக்கையாளரிடம் அந்தப் புரூஃபை எப்படிக் காட்டுவது? 1.6-இல் எழுத்து சரியாக விழுந்தது, அப்புறம்தான் தொட்டேன். படம் திருத்தும் கட்டற்ற மென்பொருளான ஜிம்ப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல் ஆங்கிலத்தில் ஊனமுற்றவர்களை இழிவாகச் சொல்வது. பள்ளியில், அலுவலகத்தில் சொல்லக் கூசுகிறது என்று 2019-இல் சிலர் அதன் மூலநிரலை எடுத்துத் தனி மென்பொருளாகப் பிரித்து "கிளிம்ப்ஸ்" என்று பெயர் வைத்தார்கள். 2021-இல் அது நின்றுபோனது. பழைய பெயரோடு ஜிம்ப் இன்றும் ஓடுகிறது.

வைகைக்கரை:
கிளிம்ப்ஸ் நின்றது வேலை செய்ய ஆள் போதாமல். பெயர் கூசியவர்களின் கூச்சம் பொய் என்று அதனால் ஆகிவிடாது, அண்ணா. எழுத்து சரியாக விழ வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் நீங்கள் மென்பொருளைத் திறந்து பார்த்துத் தள்ளினீர்கள். என்னிடம் வருகிறவர்கள் அறிவிப்பைப் படித்துவிட்டு வாசலோடு திரும்புகிறார்கள்.

நிரல்தோட்டம்:
தமிழ் விக்கிப்பீடியா தன்னைக் "கட்டற்ற கலைக்களஞ்சியம்" என்றே சொல்கிறது. அதனால் யாரும் படிக்காமல் போகவில்லை. சொல் பழகுகிற வரை பொறுக்க வேண்டும். கீழே ஒரு வரி சேருங்கள்: "நகலெடுக்கலாம், மாற்றலாம், யாருக்கும் கொடுக்கலாம்."

வைகைக்கரை:
அந்த வரி நன்றாக இருக்கிறது, அதையே பெரிய எழுத்தில் மேலே போடப் போகிறேன். "கட்டற்ற" கீழே சின்னதாக இருக்கட்டும்.

நிரல்தோட்டம்:
சின்னதாக வேண்டாம் அக்கா. இரண்டும் ஒரே அளவில் இருக்கட்டும்.