உதவி: பெரிசென்ட்ரின் புள்ளியாக வராமல் வளையமாக வருகிறது. ஆன்டிபாடி போய்விட்டதா?

தண்டையார்பேட்டை மாணவி
வணக்கம். எம்.எஸ்சி. ப்ராஜெக்ட். சி2சி12 எலித் தசை செல்களை, முதிர்ந்து ஒன்றோடொன்று இணைய 2% குதிரை சீரத்தில் ஐந்து நாள் வைத்து, குளிர்ந்த மெத்தனாலில் ஃபிக்ஸ் செய்து பெரிசென்ட்ரின் என்ற சென்ட்ரோசோம் புரதத்துக்கு ஆன்டிபாடிச் சாயம் போட்டேன். கருவுக்குப் பக்கத்தில் சென்ட்ரோசோம் (செல்லின் நுண்குழல்கள் கிளம்பும் மையம்) புள்ளியாகத் தெரிய வேண்டும். எனக்கோ கருவைச் சுற்றி முழு வளையம், கண்ணுக்கு மை தீட்டியதுபோல. போன மாதம் வழக்கமான சீரத்தில் வளர்த்த செல்களில் இதே ஆன்டிபாடி புள்ளியைத்தான் காட்டியது. நடுவில் ஒருநாள் மின்வெட்டில் ஃப்ரிட்ஜ் நின்றுபோனது, அதுதான் பயம். அதே கவர்ஸ்லிப்பில் ஆக்டின் இழையில் ஒட்டும் ஃபாலாய்டின் சாயமும் போட்டேன். ஆக்டின் சுத்தமாகத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை கைடிடம் படம் காட்ட வேண்டும்.

பெரம்பூர் அண்ணன்
ஆன்டிபாடிமேல் பழி போடாதம்மா. கெட்டது என்றால் மங்கும், இல்லை எங்கும் அழுக்காகப் பரவும். இவ்வளவு சுத்தமாக வளையம் போடாது. தசை செல் முதிரும்போது சென்ட்ரோசோமின் வேலை கருவுறைக்கு மாறிவிடும். வண்ணாரப்பேட்டை சந்துகளில் சவுக்குக் கட்டையில் சாரம் கட்டுவார்களே, அந்தக் கணக்குதான். சாரம் தானாகச் சுவர் எழுப்பாது, கொத்தனார் நிற்க இடம் தரும். இங்கே சாரம் நெஸ்ப்ரின்-1 என்ற புரதம். கருவின் வெளிச்சவ்வில் நிற்கும். அதன் வாலை உள்சவ்வின் சன் புரதங்கள் பிடித்திருக்கும். வெளியே நீட்டிய பக்கத்தில் ஏகேஏபி450, பெரிசென்ட்ரின், பிசிஎம்-1 என்று சென்ட்ரோசோமைச் சேர்ந்த புரதங்கள் எல்லாம் வந்து சேரும். நுண்குழல்கள் அங்கிருந்து கிளம்பும்.

ஃபாலாய்டின் வேறு கதை. மெத்தனால் ஆக்டின் இழையைக் குலைத்துவிடும், அப்புறம் ஒட்டாது. 4% பாராஃபார்மால்டிஹைடில் தனி கவர்ஸ்லிப் வை.

தண்டையார்பேட்டை மாணவி
சரி அண்ணா. ஆனால் இன்னும் இணையாத ஒற்றைக் கரு செல்கள் சிலவற்றிலும் வளையம் இருக்கிறதே?

ராயபுரம் அக்கா
இருக்கும். மயோஜெனின் (தசையாக முதிரத் தொடங்கியதைக் காட்டும் புரதம்) தலைகாட்டிய செல், இணைவதற்கு முன்பே மாறத் தொடங்கிவிடும். மயோஜெனினும் சேர்த்துப் போட்டுப் பார், வளையமும் அதுவும் ஜோடியாக வரும். இரண்டாம் ஆன்டிபாடி (முதலாவதில் ஒட்டி ஒளிர்வது) மட்டும் போட்ட ஸ்லிப் ஒன்று கட்டாயம் வேண்டும். கைடு முதலில் அதைத்தான் கேட்பார்.

சந்தேகம் தீரவில்லையா? நுண்குழல்களைக் கரைத்துவிட்டு, 37 டிகிரியில் சில நிமிடம் திரும்ப வளரவிட்டு, எங்கிருந்து கிளம்புகின்றன என்று குழலின் புரதமான டியூபுலினுக்குச் சாயம் போட்டுப் பார். வெறும் ஐஸ் போதாது. மயோடியூபில் (செல்கள் இணைந்து உருவான பல கருத் தசை இழையில்) பிடிவாதமான பழைய குழல்கள் மிஞ்சும், குழலைக் கரைக்கும் நோகோடசோல் மருந்தும் சேர். நேரமிருந்தால் நெஸ்ப்ரின்-1ஐக் குறைத்தும் பார்க்கலாம்: வளையம் போய்விடும், கருக்கள் பரவாமல் கும்பலாகக் கிடக்கும். வெள்ளிக்குள் முடியாது, விடு.

தண்டையார்பேட்டை மாணவி
இரண்டாம் ஆன்டிபாடி மட்டும் போட்டது கும்மிருட்டு. நோகோடசோலைக் கழுவி வளரவிட்டதில், கருவின் விளிம்பிலிருந்து கம்பி மத்தாப்பு மாதிரி குழல்கள் கிளம்புகின்றன! ஒரே சிக்கல், ஆன்டிபாடி கெட்டுவிட்டது, புதிது வாங்கித் தாருங்கள் என்று கைடிடம் திங்களன்றே சொல்லித் தொலைத்துவிட்டேன்.